சம்பந்தியின் முதுகில் ஊசி

ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று உன்னிடமே கேட்டு ஆறு வருஷம் ஆகிறது. அண்ணியிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, சொன்னால் கேட்பதில்லை என்றார். நான் ஃபோன் செய்தால் எடுக்கமாட்டாய். கடிதம் என்றால் கிழித்துப்போடவாவது கையில் வாங்கித்தானே ஆக வேண்டும்? கிழிப்பதற்கு முன்னால் ஒருமுறை படித்துவிடு.

சம்பந்தி என் மேஜைக்கு வந்திருக்கிறார்.

எந்தச் சம்பந்தி என்று நீ கேட்கமாட்டாய். நம் வீட்டில் அந்தப் பெயருக்கு ஒரே ஆள்தான். முந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ உட்கார்ந்து கையால் வரைந்த செடிகள் புத்தகம், பதினோரு கிலோ கனம். நூலகத்திலிருந்து பூட்டுப் போட்ட மரப்பெட்டியில் அப்பாவின் பைண்டிங் பட்டறைக்கு வந்து இரண்டு மாதம் தங்கியது. "சம்பந்தி வந்து தங்கின மாதிரிதான். மரியாதை ஒரு இழை குறைஞ்சாலும் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க" என்று அப்பா சொன்னார். அவர் வாய் முகூர்த்தம், அப்படியே நடந்தது. திரும்பிப் போன புத்தகம் பாதிக்கு மேல் திறக்கவில்லை. கட்டியவர் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டார் என்று நூலகம் எழுதியது. அப்பா போய், "நான்தான் இறுக்கிட்டேன்" என்று ஒரே வாக்கியம் சொல்லிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பெட்டி நம் வாசலுக்கு வரவேயில்லை. எனக்கு அப்போது பதினொரு வயது.

இருபத்தாறு வருஷம் கழித்து இப்போது என்ன என்கிறாயா? பக்கம் பக்கமாகப் படம் எடுக்க வேண்டும், அதற்குப் புத்தகம் நன்றாகத் திறக்க வேண்டும். முதுகை வெட்டித் தாள்களைப் பிரித்து எல்லாவற்றையும் புதிதாகக் கட்டிவிடலாம் என்று எங்கள் துறைத்தலைவி நினைக்கிறார். வெட்டினால் பழைய தோல், பழைய மர அட்டை, முதலில் கட்டியவர் போட்ட தையல் எல்லாம் போய்விடும். அதற்கு முன்னால் உள்ளே என்ன நிலைமை என்று பார்த்துச் சொல்வது என் வேலை. நான் புத்தகங்களுக்கு வைத்தியம் செய்பவள் இல்லை, நோய் என்ன என்று சொல்பவள். வெட்டாமல், சுரண்டாமல், ஒரு நூலைக்கூட அசைக்காமல் சொல்ல வேண்டும்.

எக்ஸ்ரே எடுத்தேன். முதுகுத் தோலுக்கு அடியில், மேலிருந்து மூன்றாவது தையலில், வெள்ளைக்கோடு மாதிரி ஓர் ஊசி முனை கிடக்கிறது. பதினான்கு மில்லிமீட்டர் நீளம், முறிந்தது. தலைவி அதைப் பார்த்ததும், இரும்பு துருப்பிடித்தால் தாளைத் தின்றுவிடும், வெட்டி எடுத்தே ஆக வேண்டும் என்கிறார். அவர் கவலை நியாயமானதுதான். ஆனால் துரு இல்லை என்று நான் காட்டிவிட்டால் வெட்டத் தேவை இருக்காது. வெட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற குழு கூடுவது முப்பதாம் தேதி.

அப்பாவிடம் ஏழு ஊசி இருந்தது. காலையில் நீலத்துணியில் எண்ணிக் குத்தி வைப்பார். சாயங்காலம் ஏழும் எண்ணி முடிக்காமல் பட்டறையைப் பூட்டமாட்டார். ஒரு நாளும் குறைந்ததில்லை. அப்படியென்றால் இந்த முனை யாருடையது? அப்பாவுக்கும் முன்னால் யாராவது விட்டதா? அந்த ஊசித்துணியும், சம்பந்தியைப் பற்றி அப்பா எழுதி வைத்த குறிப்பு ஏதாவது இருந்தால் அதுவும் எனக்கு வேண்டும். ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை,
வாண்டு

*

ஜூன் 9

வாண்டுக்கு,

கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. உன் அண்ணி பக்கத்திலேயே காவல் நின்றாள்.

சர்க்கரை நீ கேட்கிற அளவுக்கு இல்லை. கடை ஓடுகிறது. பைண்டிங் பட்டறை இருந்த இடத்தில் இப்போது கார் சீட்டுக்கு உறை தைக்கிறேன் என்பது உனக்குத் தெரியும். இந்த வாரம் ஒரு பல் டாக்டர் தன் காருக்கு வெள்ளைத் தோலில்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள் இருக்கும்போது வெள்ளை எதற்கு என்று கேட்டுப் பார்த்துவிட்டேன், கேட்கிற மாதிரி இல்லை. புதுக் கத்தரிக்கோல் ஒன்று வாங்கினேன். உலகத்தில் எல்லோருக்கும் ஒரே பக்கக் கைதான் இருக்கிறது என்று நினைத்துச் செய்திருக்கிறான். இரண்டு நாளில் கட்டைவிரலில் கொப்புளம்.

நீ கேட்டதற்கு வருகிறேன். அப்பா எழுதி வைக்கிற ஆள் இல்லை, எண்ணி வைக்கிற ஆள். குறிப்பு எதுவும் கிடையாது. ஊசித்துணியை இதோடு அனுப்பியிருக்கிறேன். ஏழும் இருக்கிறது, எண்ணிக்கொள்.

ஒன்று கேட்கிறேன். அப்பாவை வாசலோடு திருப்பி அனுப்பின இடத்தில் போய் நீ வேலைக்குச் சேர்ந்தாய். அன்றைக்கே நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், அதை மறுபடியும் கிளற வேண்டாம். இப்போது அந்தப் புத்தகத்தை வெட்டப் போகிறார்கள் என்றால் வெட்டட்டுமே. உனக்கு ஏன் இவ்வளவு பாடு? அது வீட்டுக்கு வந்ததில் நமக்கு என்ன நல்லது நடந்தது? வெட்டி, பிரித்து, புதிதாகக் கட்டி, கண்ணாடிப் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். விட்டது தொல்லை.

வேளைக்குச் சாப்பிடு. எக்ஸ்ரே பக்கத்தில் ரொம்ப நேரம் நிற்காதே.

உன் அண்ணன்

*

ஜூன் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

எக்ஸ்ரே எடுக்கும்போது நான் சுவருக்கு அந்தப் பக்கம் நிற்பேன், பயப்படாதே. நீ பயப்பட்டாய் என்பதே எனக்கு ஒரு வாரத்துக்குப் போதும்.

இந்தப் பதினைந்து நாளில் சம்பந்திக்கு நான் செய்த உபசாரத்தை அப்பா பார்த்திருந்தால் சிரித்திருப்பார். முதல் மூன்று நாள் திறக்கவேயில்லை. அறையின் ஈரப்பதம் அவருக்குப் பழகட்டும் என்று சும்மா வைத்திருந்தேன். பிறகு டார்ச்சை மேஜையோடு மேஜையாகப் படுக்கவைத்து வெளிச்சம் அடித்துப் பார்த்தேன். அப்படிப் பார்த்தால் தோலில் இருக்கிற சின்னச் சின்ன மேடு பள்ளம்கூட நிழல் விழுந்து தெரியும். மூன்றாவது தையலுக்கு நேராக ஒரு சின்ன வீக்கம். வெறும் கண்ணுக்கு அது தெரியவே தெரியாது. ஒரு சிட்டிகை தோல்கூட எடுக்காமல், தோல் எவ்வளவு காய்ந்திருக்கிறது, பசை எந்த வகை என்பதெல்லாம் ஒளியை வைத்தே பார்த்தாகிவிட்டது. பசை, தோலைக் காய்ச்சி எடுக்கிற பழைய வஜ்ஜிரம். நல்லவேளை, ஈரம் காட்டினால் இளகும்.

அதற்கப்புறம்தான் கூத்து. எக்ஸ்ரேயில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்துவிடும். இரும்பு தெரியும், நூல் தெரியாது. அடுக்கடுக்காகப் பார்க்க ஸ்கேன் வேண்டும். ஆஸ்பத்திரி ஸ்கேனில் நூல் அளவுக்கு நுணுக்கம் வராது. கடைசியில், இயந்திர வார்ப்புகளுக்குள் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற ஒரு கூடத்தில் சம்மதித்தார்கள். மடியில் குழந்தை மாதிரி வைத்துக்கொண்டு வண்டியில் போனேன். வாசல் காவலாளி சீட்டில் எழுத வேண்டுமே, என்ன பொருள் என்று கேட்டார். புத்தகம் என்றேன். அவர் பட்டியலில் புத்தகம் இல்லை. ரொம்ப யோசித்துவிட்டு 'இயந்திர பாகம், ஒன்று, பழையது' என்று எழுதிக்கொண்டார். சம்பந்தி மனம் கோணாமல் இரண்டு கியர்ப் பெட்டிகளுக்கு நடுவில் காத்திருந்தார். ஸ்கேன் நல்லபடியாக முடிந்தது. படங்களை அடுக்கிப் பார்க்கத்தான் இன்னும் சில நாள் ஆகும்.

இனி ஊசி விஷயம். நீ அனுப்பியதில் ஏழும் இருந்தது. உருப்பெருக்கியில் வைத்து அளந்தேன். ஆறு ஊசி ஒரே வகை. கண் நீளமானது, கையால் தேய்த்த மினுமினுப்பு, அப்பாவின் விரல் பட்டுப் பட்டு நடுவில் சற்று மெலிந்திருக்கிறது. ஏழாவது வேறு. கண் உருண்டை, கனம் குறைவு. அவ்வளவாகப் பயன்படுத்தியதாகவும் தெரியவில்லை. அப்பா கடையில் போய்க் கிடைத்த ஊசியை வாங்குகிற ஆளா, அண்ணா?

புத்தகத்துக்குள் இருக்கிற முனை அந்த ஆறு ஊசியின் சாயலில்தான் இருக்கிறது. ஆகவே அது அப்பாவின் பட்டறை ஊசி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த ஆறும் தேய்ந்த அளவில் ஒன்றுக்கொன்று வித்தியாசப்படுகின்றன. முறிந்த ஊசி முதலில் எவ்வளவு தடிமன் இருந்தது என்று தெரியாமல், துருவில் கரைந்திருக்கிறதா என்று சொல்ல முடியாது. தலைவியிடம் காட்டினேன். "சாயல் போதாது, அளவு வேணும்" என்றார். நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

முறிந்த ஊசியின் மறுபாதி எங்காவது இருக்க வாய்ப்பு உண்டா? கிறுக்குத்தனமான கேள்விதான். ஆனாலும் அப்பாவின் தகரப்பெட்டியை ஒருமுறை தேடிப் பார்.

உன்,
வாண்டு

*

ஜூன் 18

வாண்டு,

பெட்டியில் ஒன்றும் இல்லை.

நீ என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று உனக்கே புரிகிறதா? புத்தகத்தைக் கெடுத்தார் என்று ஒரு பழி போதாதா? உள்ளே ஊசியையும் விட்டுவிட்டார் என்று இன்னொன்றை நீயே உன் கையால் எழுதிக் கொடுக்கப் போகிறாயா? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்த மனுஷன். அவர்தான் இறுக்கினேன் என்று ஒப்புக்கொண்டாரே. அதோடு முடிந்துபோன விஷயம். அதைத் தோண்டி எடுத்துப் படம் பிடித்து நாலு பேர் உட்கார்ந்து பார்ப்பதற்கு நீ எதற்கு?

வெட்டுவதானால் வெட்டட்டும். ஊசியை எடுத்துக் குப்பையில் போடட்டும். நீ எதையும் எழுதாதே. இதை அண்ணனாகச் சொல்கிறேன். கேட்காவிட்டால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

உன் அண்ணி இதைப் படித்துவிட்டு என்னோடு பேசவில்லை. அதுவும் உன் புண்ணியம்தான்.

அண்ணன்

*

ஜூன் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

எழுதுவேன். கோபப்பட்டாலும் எழுதுவேன். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைப் பதறாமல் எழுதலாம்.

ஸ்கேன் படங்களை அடுக்கி முடித்துவிட்டேன். தாள்களை ஒரு மடிப்பாகச் சேர்த்துத் தைக்கும்போது ஒவ்வொரு மடிப்பின் கடைசியிலும் ஒரு முடிச்சு விழும், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வலது கைக்காரர் போட்டால் நூல் ஒரு பக்கம் சாயும். இடது கைக்காரர் போட்டால் மறுபக்கம் சாயும். எங்கள் நூலகத்தில் அப்பா தைத்த புத்தகங்கள் பன்னிரண்டு இருக்கின்றன. மூன்று நாளாக அத்தனையையும் எடுத்துப் பார்த்தேன். பன்னிரண்டிலும் ஒரே சாய்வு. சம்பந்தியில் பழைய தையல் அறுந்து மறுபடி தைத்த இடத்தில் மட்டும் எல்லா முடிச்சும் எதிர்ப்பக்கம் சாய்கிறது.

அப்பா வலது கைக்காரர். நம் வீட்டில் இடது கைக்காரர் ஒருவர்தான்.

அது தெரிந்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அப்புறம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த மாதம் அப்பாவின் வலது மணிக்கட்டில் மாவுக்கட்டு. முக்காலியிலிருந்து விழுந்துவிட்டார். நான்தான் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவேன். இத்தனை வருஷமும் அந்த மாவுக்கட்டும் எனக்கு ஞாபகம் இருந்தது, சம்பந்தி வந்ததும் ஞாபகம் இருந்தது. இரண்டும் ஒரே மாதம் என்று மட்டும் சேர்த்துப் பார்க்கவேயில்லை. கட்டுப் போட்ட கையோடு யாராவது பதினோரு கிலோ புத்தகத்தைத் தைக்க முடியுமா? அளவெடுக்கிற வேலை பார்க்கிறவள் நான். என் வீட்டுக் கணக்கில் கோட்டை விட்டிருக்கிறேன்.

இன்னொன்றும் தெரிந்தது. ஊசி முறிந்த இடத்தில் இரண்டு மடிப்புகளுக்கு மட்டும் நூல் இரட்டிப்பாக ஓடுகிறது. ஒருமுறை தைத்து, அதற்கு மேலேயே இறுக்கி இன்னொருமுறை தைத்திருக்கிறது. புத்தகம் திறக்காததற்கு அந்த ஓர் இடம்தான் காரணம். மற்ற இடமெல்லாம், அண்ணா, அருமையான தையல். பொய் சொல்லவில்லை. அப்பாவின் பன்னிரண்டு புத்தகத்தில் நான்கோடு ஒப்பிட்டால் உன்னுடையதுதான் சீராக இருக்கிறது.

நான் யார் மகள் என்று துறைத்தலைவியிடம் நேற்றுச் சொல்லிவிட்டேன். ஆறு வருஷமாகச் சொல்லவில்லை. 'பட்டறைக்காரர் கெடுத்த புத்தகம்' என்று அவர்கள் என் எதிரிலேயே பேசுவார்கள், நான் குனிந்துகொண்டு லென்ஸ் துடைப்பேன். நீ இங்கே சேராதே என்றாய். நான் எதற்காகச் சேர்ந்தேன் என்று நினைத்தாய்? என்றைக்காவது அந்தப் புத்தகம் என் மேஜைக்கு வரும் என்றுதான் சேர்ந்தேன். தலைவி, "அப்படின்னா நீங்க ரெண்டு மடங்கு கவனமா அளக்கணும். உங்க அளவை இன்னொருத்தரும் சரிபார்ப்பாங்க" என்றார். சரி என்றேன்.

அறிக்கையில் 'மறுதையல் இடது கைக்காரர் ஒருவர் போட்டது' என்று எழுதுகிறேன். பெயர் எழுதமாட்டேன். அது நான் எழுத வேண்டியது இல்லை. ஆனால் அப்பா தைத்தார் என்றும் எழுதமாட்டேன். படத்தில் இல்லாததை நான் எழுதினதில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. நீ தைத்ததற்கு இல்லை. அப்பா சாப்பாட்டில் கை வைத்தபடி எதையோ யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தனை நாளும் நீ எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாய், அதற்கு. அன்பும் இருக்கிறது. அதனால்தான் இத்தனை பக்கம்.

முப்பதாம் தேதி குழு. ஊசி எப்போது முறிந்தது, எப்படி முறிந்தது, மறுபாதி என்ன ஆனது, உனக்குத்தான் தெரியும். சொன்னால் புத்தகம் பிழைக்கும். சொல்லாவிட்டாலும் நான் கடைசி நிமிஷம் வரைக்கும் வாதாடுவேன். ஆனால் தோற்றுவிடுவேன் என்று நினைக்கிறேன்.

உன்,
வாண்டு

*

ஜூன் 25

வாண்டுக்கு,

இந்த உறைக்குள் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. மெதுவாகத் திற. உள்ளே பஞ்சில் அரை ஊசி இருக்கிறது, கண் உள்ள பாதி. நீ கேட்ட அளவு அதில் இருக்கிறது.

பெட்டியில் ஒன்றும் இல்லை என்று எழுதினேன். பொய் இல்லை, பெட்டியில் இல்லைதான். ஒன்பது வருஷமாக என் கடை மேஜையின் இழுப்பறையில் இருக்கிறது.

அப்பா கை முறிந்து உட்கார்ந்ததும், கொடுத்த தேதிக்குள் புத்தகம் போகாதே என்று பயந்தார். வேறு யார் கையும் படக்கூடாது என்று நூலகத்தில் எழுதி வாங்கியிருந்தார்கள். நான் தைக்கிறேன் என்றேன். எனக்கு இருபத்திரண்டு வயது, எனக்குத் தெரியாததே இல்லை என்ற நினைப்பு. அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒரு நாள் மத்தியானம் கட்டு மாற்ற ஆஸ்பத்திரி போனார். அவர் வருவதற்குள் மூன்று மடிப்பை முடித்துக் காட்டுகிறேன் என்று அவசரப்பட்டேன். ஊசி முறிந்தது. முனை தோலுக்கு அடியில் போய்விட்டது. எடுக்க வேண்டுமென்றால் இரண்டு நாள் தைத்ததை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்கவில்லை. முனை வெளியே வராமல் இருக்க அதன் மேலேயே இரண்டாவது தடவை இறுக்கித் தைத்தேன். மறுபாதியைக் கழிவுத்தாள் கூடையில் போட்டேன். ஓடிப்போய்த் தெருமுனைக் கடையில் ஓர் ஊசி வாங்கி ஏழாக்கினேன். சாயங்காலம் அப்பா எண்ணினார். ஏழு. விளக்கை அணைத்தார். நான் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

புத்தகம் திறக்கவில்லை என்று நூலகத்திலிருந்து கடிதம் வந்தபோது, நான் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம் என்று பதினேழு வருஷம் போனது. அவரும் போனார்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தகரப்பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே இந்த அரை ஊசி. காகிதத்தில் அவர் கையெழுத்து, இடது கையால் எழுதினது, கோணல் மாணலாக இருந்தது. அந்தத் தேதியும், கீழே 'சம்பந்தி, மூன்றாம் தையல்' என்றும். வேறு ஒன்றும் இல்லை. அந்தக் காகிதத்தையும் வைத்திருக்கிறேன், தீப்பெட்டிக்கு அடியில் பார்.

அவருக்குத் தெரிந்திருக்கிறது, வாண்டு. அன்றைக்கே. கண் உருண்டையான ஊசியை அவர் கையில் எடுத்த நிமிஷமே தெரிந்திருக்கும். கூடையைக் கொட்டித் தேடியிருக்கிறார், ஒற்றைக் கையால். நான் வந்து சொல்வேன் என்று எத்தனை நாள் பார்த்திருப்பார். என்னைக் காப்பாற்றினாரா, தண்டித்தாரா, எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அந்தப் பொட்டலத்தைப் பார்த்த மறுவாரமே நூலையும் பசையையும் தூக்கிப் போட்டுவிட்டுக் கார் சீட்டுக்கு மாறினேன். அதில் தவறு நடந்தால் யாரோ ஒருவர் உட்காரும்போது கொஞ்சம் குத்தும், அவ்வளவுதான்.

நீ அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது நான் கத்தினதெல்லாம் அப்பாவுக்காக இல்லை. நீ கண்டுபிடித்துவிடுவாய் என்ற பயம்தான். ஊசித்துணியை மடிக்கும்போது ஏழாவது ஊசியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. அது வரைக்கும்தான் எனக்குத் தைரியம் இருந்தது. மீதியை உன் கடிதம் செய்தது. நான் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டேன் என்று எழுதினாயே, அந்த வரியை உன் அண்ணிக்கு நானே வாசித்துக் காட்டினேன். இப்போது அவள் பேசுகிறாள்.

கீழே தனித்தாளில் என் பெயர், வயது, என்றைக்கு என்ன செய்தேன், என்ன நூல், என்ன பசை எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அறிக்கையோடு வை. பெயரை மறைக்காதே.

அண்ணன்

*

ஜூலை 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

தீப்பெட்டியை நான் தனியாகத் திறக்கவில்லை. துறைத்தலைவியையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு திறந்தேன். காகிதத்தை மட்டும் அவர் போன பிறகு தனியாகப் பார்த்தேன். அழுதேன். அது போதும், அதைப் பற்றி வேறு எழுத மாட்டேன்.

அரை ஊசியைப் புத்தகத்தின் முதுகுக்குப் பக்கத்தில், உள்ளே முனை இருக்கிற அதே உயரத்தில் வைத்து இரண்டையும் ஒரே எக்ஸ்ரேயில் எடுத்தோம். முறிந்த இடத்தில் ஒரு பக்கம் பல் மாதிரி நீண்டிருக்கிறது, மறுபக்கம் அதே அளவுக்குக் குழிந்திருக்கிறது. தடிமன் இரண்டிலும் ஒன்றுதான். நான் ஐந்து தடவை அளந்தேன், வேறு துறையிலிருந்து வந்தவர் ஐந்து தடவை அளந்தார், அதுவே வந்தது. இருபத்தாறு வருஷத்தில் ஊசி கரையவில்லை. துரு இல்லை. அறையை உலர்வாக வைத்திருக்கிறவர்களுக்கும், மெழுகு தேய்த்த நூலைப் பயன்படுத்தினவனுக்கும் நன்றி சொல்ல வேண்டும். மெழுகு தேய்த்ததை நீ தனித்தாளில் எழுதியிருந்தாய், அது நல்ல நேரத்தில் உதவியது.

குழு இரண்டு மணி நேரம் பேசியது. உன் தாளைத் தலைவியே வாசித்தார். முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "வெட்ட வேண்டாம். இவ்வளவு விவரம் தெரிஞ்ச பைண்டிங் இந்தக் கட்டடத்திலேயே வேற இல்ல" என்றார். ஊசி அங்கேயே இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை படம் எடுத்து அளப்போம். அறிக்கையின் கடைசி வரியை உனக்கு அப்படியே எழுதுகிறேன்: 'மறுதையல், பட்டறைக்காரரின் மேற்பார்வையில் அவருடைய மகன் போட்டது. இரண்டு மடிப்புகளில் இறுக்கம் அதிகம். மற்ற இடங்களில் வேலை உயர்தரம். கட்டு உறுதியாக இருக்கிறது.' பழைய கோப்பில் அப்பாவைப் பற்றி இருந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் 'தவறு, புதிய அறிக்கை பார்க்க' என்று சிவப்பு மையில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நான் நின்று பார்த்தேன்.

காப்பாற்றினாரா தண்டித்தாரா என்று கேட்டிருந்தாய். நான் அளக்கிற கருவி எதிலும் அது தெரியாது. ஆனால் அந்த உருண்டைக்கண் ஊசியை அப்பா தூக்கிப் போடவில்லை, அண்ணா. தினமும் மற்ற ஆறோடு அதையும் சேர்த்துத்தான் எண்ணினார்.

இப்போது ஒரு வேலை இருக்கிறது. சம்பந்தி தொண்ணூறு பாகைக்கு மேல் திறக்கக்கூடாது என்று நானே எழுதிவிட்டேன். பக்கங்களை அந்த அளவுக்குத் திறந்தே படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தக் கோணத்தில் சாய்ந்து உட்கார, இரண்டு பக்கமும் தாங்க, முதுகு மட்டும் எதிலும் படாமல் இருக்க ஓர் இருக்கை தைக்க வேண்டும். உள்ளே பஞ்சு, வெளியே சாயம் போகாத துணி. இங்கே இருக்கிறவர்களுக்கு அட்டைப்பெட்டி செய்யத் தெரியும், இருக்கை தைக்கத் தெரியாது. எனக்குத் தெரிந்த ஓர் ஆள் இருக்கிறார் என்று சொல்லியிருக்கிறேன். அந்த ஆளைக் கேட்காமல் சொல்லிவிட்டேன்.

அளவெடுக்க நீயே நேரில் வர வேண்டும். வாசலில் என் பெயரைச் சொல்.

உன்,
வாண்டு

*

ஜூலை 10

வாண்டுக்கு,

பல் டாக்டரின் வெள்ளைச் சீட்டு புதன்கிழமை முடிகிறது. வியாழக்கிழமை காலைப் பேருந்தில் வருகிறேன். உன் அண்ணியும் வருகிறாள். சம்பந்தியை அவள் பார்த்ததில்லையாம். பேசினதெல்லாம் கேட்டு மரியாதைக்குப் புதுச் சேலை எடுத்து வைத்திருக்கிறாள்.

அளவு நான் எடுத்துக்கொள்கிறேன், கனத்தை மட்டும் கிராம் வரை சரியாக எழுதி வை. பஞ்சு எவ்வளவு அமுங்கும் என்று அதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். துணி நீயே கொடு, என் கடைத் துணியில் சாயம் போகும். மூன்று நாள் ஆகும். அவசரப்படுத்தாதே, அவசரப்படமாட்டேன்.

அப்பாவின் ஊசித்துணியைத் திருப்பி அனுப்ப வேண்டாம். உன் மேஜையிலேயே இருக்கட்டும், நான் அங்கே வந்து அதிலிருந்து எடுத்துத் தைக்கிறேன். காலையில் நீ எண்ணிக் கொடு, சாயங்காலம் எண்ணி வாங்கிக்கொள். ஊசி முறிந்தால் அன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

உன் அண்ணன்